தேடுபொறியும் தமிழ்ச் சொல்லும்: சிறுவணிக இணையத்தளங்களுக்கான அடிப்படைகள்

சிறுவணிகர் ஒருவர் தம் கடைக்கு இணையத்தளம் அமைத்தவுடன் பணி முடிந்துவிட்டதாகக் கருதுவது இயல்பு. ஆனால் கடையைத் திறப்பது வேறு. கடைக்கு வரும் வழியை மக்களுக்குத் தெரியச் செய்வது வேறு. இணையத்தில் அவ்வழியைக் காட்டும் பணியைத் தேடுபொறிகள் செய்கின்றன. ஒரு தளத்தின் பக்கங்களைத் தேடுபொறி எளிதில் கண்டறியவும், சரியாகப் புரிந்துகொள்ளவும், தேடுவோருக்கு எடுத்துக்காட்டவும் ஏற்றவாறு அமைக்கும் முறையைத் தேடுபொறி உகப்பாக்கம் என்கிறோம். இது கணினித் துறையினருக்கு மட்டுமே உரிய நுட்பம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அதன் பெரும்பகுதி சொல்லைப் பற்றியது. ஆகவே மொழி கற்பிப்போரும் கற்போரும் அறியத்தக்கது. இதனை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

விளக்கத்தின் பொருட்டுச் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு பூக்கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அக்கடை திருமண மாலை, மல்லிகைச் சரம், பூசைக்குரிய உதிரிப்பூ ஆகியவற்றை விற்கிறது. அதன் உரிமையாளர் ஆங்கிலப் பக்கத்தோடு தமிழ்ப் பக்கம் ஒன்றையும் வைக்க விரும்புகிறார். அவருக்கு நாம் கூறத்தக்கவை எவை?

தேடுபொறி என்னும் சொல்லடைவு

தேடுபொறியின் வேலை மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலாவதாக, அதன் நிரல் இணைப்புகளின் வழியே பக்கம் பக்கமாகச் சென்று அவற்றைப் படிக்கிறது. இரண்டாவதாக, படித்த சொற்களை அவை இடம்பெறும் பக்கங்களோடு சேர்த்துப் பதிந்துவைக்கிறது. மூன்றாவதாக, ஒருவர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யும்போது அப்பதிவைப் பார்த்து, பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

இவற்றுள் இரண்டாம் படி தமிழாய்வாளருக்குப் புதியதன்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு சொல் எந்நூலில் எவ்விடத்தில் வருகிறது என்பதை அதனைப் புரட்டி அறியலாம். தேடுபொறி வைத்திருப்பதும் அடிப்படையில் அத்தகைய சொல்லடைவே. அளவும் வேகமும்தான் வேறு. இன்றைய தேடுபொறிகள் பொருள் நெருக்கத்தையும் ஓரளவு கணிக்கின்றன. எனினும் பக்கத்தில் எழுதப்பட்ட சொல்லே அக்கணிப்புக்கும் அடித்தளமாகும்.

மூன்றாம் படியாகிய வரிசைப்படுத்தலில் பல காரணிகள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது முன்வைத்த கருத்து, ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பை அதன் மதிப்புக்குச் சான்றாகக் கொள்வதாகும். பலரால் மேற்கோள் காட்டப்படும் நூலுக்கு மதிப்பு மிகுவதைப் போன்றது இது. கோயில் அறிவிப்பும் திருமண மண்டபத்தின் பக்கமும் நம் பூக்கடையைச் சுட்டி இணைப்புத் தருமாயின் அது பயனுடையது. பணம் கொடுத்து வாங்கும் இணைப்புகள் கூகுளின் விதிகளுக்கு மாறானவை.

எழுத்து எழுத்தாக இருத்தல் வேண்டும்

தேடுபொறி படிப்பது உருவத்தை அன்று, எழுத்துக் குறியீட்டை. கணினியில் தமிழ் வளர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் கணித்தமிழுக்கு வழிகண்ட காலம் அது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாட்டிற்கு இச்சிக்கலே முதன்மையான உந்துதலாக இருந்தது. இன்று ஒருங்குறியே பொதுமுறை. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. அது எங்கும் பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின.

பழைய எழுத்துருவில் அமைந்த துண்டறிக்கையை அப்படியே தளத்தில் ஏற்றினால், கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது தேடுபொறிக்குப் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலாகவே படும். துண்டறிக்கையைப் படமாக ஏற்றுவதும் ஏறத்தாழ அதே குறையுடையது. இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்திலுள்ள ஒரு சொல்லைத் தெரிவு செய்து, படியெடுத்து, தேடல் கட்டத்தில் ஒட்டிப் பார்த்தல் வேண்டும். தமிழ்ச் சொல்லாகவே அது நின்றால் நன்று. வேறெதுவாகவோ மாறினாலும், தெரிவு செய்யவே இயலாவிடினும் அப்பக்கத்தைத் திருத்தல் வேண்டும். படம் தேவைப்படும் இடத்தில் அதற்குரிய மாற்று உரையாக, ‘ரோஜாவும் சம்பங்கியும் சேர்ந்த திருமண மாலை’ என்பது போன்ற தெளிவான தொடரை எழுதலாம். பார்வைக் குறையுடையோர் பயன்படுத்தும் படிப்பான் மென்பொருளுக்கும் அது உதவும்.

தமிழுக்கே உரிய நுட்பமான பிழை ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தைப் போலவே தோன்றுவதால், ‘பௌர்ணமி’ என்பதை எகரக் குறியோடு ளகரத்தையும் சேர்த்துப் ‘பெளர்ணமி’ எனப் பலர் தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீட்டில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். பௌர்ணமி பூசைக்குப் பூ விற்கும் கடை இவ்வொரு தவற்றால் தேடுவோர் கண்ணில் படாமற்போகலாம். துணைக்காலுக்கு மாற்றாக ரகரத்தை இடுவதும் இத்தகையதே. எழுத்துப்பிழை திருத்தம் என்னும் ஆசிரியப் பணிக்கு இங்கே நேரடியான பொருளியல் மதிப்பு இருப்பதைக் காண்கிறோம்.

வாடிக்கையாளரின் சொல் எது?

விற்பவரின் சொல்லும் வாங்குபவரின் சொல்லும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கடையின் பெயரில் ‘மலரகம்’ எனும் அழகிய சொல் அமையலாம். ஆனால் பூ வாங்க விரும்புவோர் ‘பூக்கடை’ என்றே தேடக்கூடும். அழைப்பிதழில் ‘திருமணம்’ என அச்சிடும் குடும்பமே பேச்சில் ‘கல்யாண மாலை’ என்கிறது. குரல்வழி உள்ளிடும் வசதியைக் கூகுள் 2017இல் தமிழுக்கும் வழங்கியபின், பேச்சு வழக்குச் சொற்கள் தேடலில் நுழைவதற்கான வழி மேலும் அகன்றது. தூய சொல்லைக் கைவிடுக என்பது நம் கருத்தன்று. கடைப்பெயர் மலரகமாகவே இருக்கட்டும். விளக்கப் பகுதியில் பூக்கடை என்னும் சொல்லும், திருமண மாலையோடு கல்யாண மாலை என்னும் வழக்கும் இயல்பாக இடம்பெறட்டும்.

ஒருசொல் பலபொருளும் கருதத்தக்கது. ‘மாலை’ என்பது பூமாலையையும் குறிக்கும், பொழுதையும் குறிக்கும். அச்சொல் தனியே நின்றால் எப்பொருளில் வந்தது என்பது தேடுபொறிக்கு விளங்குவது கடினம். திருமண மாலை, பூமாலை, சாமிக்குச் சாற்றும் மாலை எனச் சூழலோடு எழுதும்போது ஐயம் நீங்குகிறது. இவ்வாறு இரண்டு மூன்று சொற்களால் அமைந்த தொடரைத் தேடுவோர், வாங்கும் நோக்கத்தோடு வருவோராக இருப்பதும் மிகுதி. ஆகவே சிறுவணிகர் பொதுச்சொல்லுக்காகப் பெரிய நிறுவனங்களோடு போட்டியிடுவதைவிடத் தம் பொருளைத் துல்லியமாகக் குறிக்கும் தொடரில் கருத்தைச் செலுத்துவதே நன்று.

தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதித் தேடுவோரும் நம்மிடையே பலர். ‘தோசை’ என்பதை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அது ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தில் தொடங்குகிறது. மலேசியாவில் இருபதாம் எழுத்தில் தொடங்குகிறது. சிங்கப்பூரில் அவ்வெழுத்தோடு எட்டாம் எழுத்தும் சேர்கிறது. உணவகத்தின் ஆங்கிலப் பக்கத்தை எழுதுவோர் தம் நாட்டு வழக்கையே முதன்மையாகக் கொள்ளுதல் தகும்.

உருபும் புணர்ச்சியும்

தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘சரம்’ என்னும் பெயர் சரத்தை, சரத்துக்கு, சரங்கள் எனத் திரியும்போது அதன் இறுதி மகரமெய் கெடுகிறது அல்லது வேறெழுத்தாகத் திரிகிறது. இத்திரிபுகள் அனைத்தும் ஒரே சொல்லின் வடிவங்கள் என்பதைத் தேடுபொறி எப்போதும் உணரும் என நம்பியிருத்தல் தகாது. ஆகவே முதன்மையான பொருட்பெயர் ஒவ்வொன்றும் வேற்றுமை உருபு ஏற்காத எழுவாய் வடிவில் ஒருமுறையேனும் பக்கத்தில் நிற்றல் வேண்டும்.

புணர்ச்சியும் இவ்வாறே. ‘மல்லிகைச் சரம்’ என ஒற்று மிகுத்து எழுதுவது முறை. தேடுவோரோ பெரும்பாலும் ஒற்றின்றித் தட்டச்சு செய்கின்றனர். அவர்களுக்காக நாம் பிழைபட எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. இரு சொற்களுக்கும் இடையே இடம்விட்டு எழுதினால் ‘சரம்’ தனிச்சொல்லாக நிற்கும். ‘மல்லிகை, முல்லை, கனகாம்பரம் ஆகிய பூக்கள் நாள்தோறும் கிடைக்கும்’ எனப் பட்டியல் தொடர் ஒன்றைச் சேர்த்தால் ஒவ்வொரு பெயரும் ஒற்றோ உருபோ ஏற்காமல் தன் இயல்பு வடிவில் அமைந்துவிடும். இலக்கணமும் கெடவில்லை, தேடலும் தடைபடவில்லை. வாக்கிய அமைப்பை அறிந்தவருக்கே இத்தீர்வு எளிதில் தோன்றும்.

தலைப்பும் உள்ளடக்கமும்

ஒவ்வொரு பக்கத்திற்கும் தேடல் முடிவில் தோன்றும் தலைப்பு ஒன்று உண்டு. ‘வரவேற்கிறோம்’ என்னும் தலைப்பு எதையும் தெரிவிப்பதில்லை. ‘திருமண மாலை, மல்லிகைச் சரம் – தேக்கா பூக்கடை, சிங்கப்பூர்’ என்பது பொருளையும் இடத்தையும் ஒருங்கே தெரிவிக்கிறது. தலைப்பின்கீழ்த் தோன்றுவதற்கான விளக்கத்தை இரண்டு தொடர்களில் எழுதலாம். அது வரிசையை உயர்த்தாது; படிப்பவரை உள்ளே அழைக்கும். பக்கத்தின் நிரலில் மறைவாகத் திறவுச்சொற்களை அடுக்கும் பழைய வழக்கம் பயனற்றது; அவற்றைத் தரவரிசைக்குக் கருதுவதில்லை எனக் கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. ஒரே சொல்லைப் பத்து முறை திணிப்பதும் விதிமீறலாகும். படிப்பவருக்கும் அது சலிப்பூட்டும்.

ஒரு பக்கம் எம்மொழியில் உள்ளது என்பதைக் கூகுள் அதில் கண்ணுக்குத் தெரியும் உரையைக் கொண்டே முடிவு செய்கிறது. தலைப்பு மட்டும் தமிழிலும் எஞ்சியவை ஆங்கிலத்திலும் இருந்தால் அதனைத் தமிழ்ப் பக்கமாகக் கொள்வது அரிது. எனவே தமிழ்ப் பக்கத்திற்குத் தனி முகவரி கொடுத்து, அதன் உடற்பகுதி முழுவதையும் தமிழில் எழுதுதல் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே வெளியிடுவதும் தீது. ‘முகப்பு’ என நிற்க வேண்டிய இடத்தில் ‘வீடு’ என்றும், பொருளை முன்கூட்டியே கேட்டுப் பெறுவதற்குக் ‘கட்டளை’ என்றும் எழுதிய பக்கத்தை எவரும் நம்பி வாங்கார்.

பக்க முகவரியைத் தமிழில் அமைக்கலாமா என மாணவர் வினவுவதுண்டு. அமைக்கலாம், ‘.சிங்கப்பூர்’ என முடியும் தளப்பெயரும் நடைமுறையில் உண்டு. ஆயினும் ஒரு நடைமுறைக் குறை உளது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் அது 5 குறியீடுகள். சேமிப்பில் 15 பைட்டுகள். பக்க முகவரியின் பகுதியாக அதனைப் படியெடுத்து ஒட்டும்போது 45 குறிகளாக விரிந்து படிக்க இயலாததாகிவிடக்கூடும். குறுஞ்செய்தியில் பகிரும் முகவரி சுருக்கமான ரோமன் எழுத்தில் இருப்பதில் இழுக்கில்லை. பக்கத்தின் உள்ளே தமிழ் இருப்பதே இன்றியமையாதது.

இடமும் நம்பகமும்

பூக்கடையைத் தேடுவோர் அண்மையில் இருப்பதையே விரும்புவர். கூகுள் நிறுவனம் கட்டணமின்றி வழங்கும் வணிக விவரப் பதிவில் கடையின் உண்மைப் பெயர், முகவரி, திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தருதல் வேண்டும். தீபாவளி, பொங்கல் நாள்களில் நேரம் மாறுமாயின் அதனையும் திருத்துதல் வேண்டும். இடப்பெயரை எழுதுவதிலும் ஒருமை தேவை. ஓரிடத்தில் ‘சிராங்கூன்’ எனவும் மற்றோரிடத்தில் ‘செராங்கூன்’ எனவும் எழுதாமல், நாட்டில் அதிகாரத்துவமாக வழங்கும் வடிவத்தையே எங்கும் கையாளலாம். படங்களின் அளவைச் சுருக்கி, பக்கம் கைப்பேசியில் விரைந்து திறக்குமாறு செய்தலும் முகாமையானது. தேடலில் கடை எச்சொற்களுக்குத் தோன்றியது என்பதைக் கூகுளின் தேடல் கண்காணிப்புக் கருவி காட்டும், அதுவும் கட்டணமற்றது. மாதம் ஒருமுறை அப்பட்டியலைப் படிக்கும் வணிகர் தம் வாடிக்கையாளரின் மொழியை அறிந்துகொள்கிறார்.

வகுப்பறையின் பங்கு

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. தேக்காவின் கடைப்பலகைகளில் அதனைக் காண்கிறோம். அக்கடைகளின் இணையப் பக்கங்களில் தமிழ் இல்லாவிடின், தமிழில் தேடுவோருக்கு விடை கிடைப்பதில்லை. விடை கிடைக்காதோர் அடுத்த முறை ஆங்கிலத்தில் தேடுகின்றனர். தமிழில் தேடுவோர் இல்லை எனக் கண்ட வணிகர் தமிழ்ப் பக்கம் தேவையில்லை என முடிவு செய்கிறார். எழுதாமையால் தேடாமையும், தேடாமையால் எழுதாமையும் வளர்கின்றன. இச்சுழற்சி நீடித்தால் தமிழ் வாழ்த்துக்கும் விழாவுக்கும் உரியதாக மட்டும் நின்று, வாங்கல் விற்றலிலிருந்து விலகிவிடும். அன்றாட வாணிகத்தில் வழங்காத மொழியைத் தேர்வுக்காக மட்டும் கற்குமாறு இளையோரை எத்தனை நாள் வலியுறுத்த இயலும்?

இச்சுழற்சியை உடைப்பதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டு. மாணவர் தம் வட்டாரத்துக் கடை ஒன்றைத் தெரிவு செய்து, அங்கு விற்கும் இருபது பொருள்களுக்கு வீட்டில் தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோர் வழங்கும் சொற்களைத் தொகுக்கலாம். எழுத்துவழக்கு, பேச்சுவழக்கு, ரோமன் எழுத்து வடிவம் என மூன்றாகப் பகுத்து, அவற்றைக் கொண்டு பிழையற்ற தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கடைக்காரரிடம் கொடுக்கலாம். சொற்றொகுப்பும் வேற்றுமையும் புணர்ச்சியும் எழுத்துத்திருத்தமும் அவ்வொரு பயிற்சியில் அடங்கிவிடும். கடைக்காரருக்கும் அவரே நாளும் பேசும் மொழியில் ஒரு பக்கம் கிடைக்கும். அப்பக்கத்தைத் தமிழில் தேடி வருவோர் கண்டடைவர்.