பத்திரம் பதிவானால் வீடு உங்களுடையதாகிவிடுமா?

நெய்வேலி நகரியத்துக் குடியிருப்புகள் என்.எல்.சி. சுரங்க நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஓய்வு பெறுகிற ஊழியர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துதான் ஆக வேண்டும். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் கைக்கு வரும் அந்த நேரத்தில் பலர் நகரியத்துக்கு வெளியே வீடோ மனையோ தேடுகிறார்கள். அந்தத் தேடல் வடலூர், காடாம்புலியூர், பண்ருட்டி என்று நீள்கிறது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் கைமாறும் இந்த வியாபாரத்தில் அவர்கள் முதலில் கேட்பது பத்திரச் செலவு எவ்வளவு, பட்டா எப்போது மாறும் என்பதைத்தான். விற்கிறவருக்கு விற்க உரிமை இருக்கிறதா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறார்கள். சட்டத்தில் அந்த நம்பிக்கைக்கு இடம் இல்லை.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவு செய்கிறதே தவிர, உரிமையைத் தீர்மானிப்பதில்லை. எழுதிக் கொடுக்கிறவர் இன்னார்தான், அவர்தான் கையெழுத்திட்டார், முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்கிறது என்பவைதான் பதிவு அலுவலர் முக்கியமாகப் பார்க்கும் விஷயங்கள். போலிப் பத்திரங்களைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் பதிவு விதிகளில் 55-ஏ விதியைச் சேர்த்து, மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்றது. 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியின் முக்கியப் பகுதியை ரத்து செய்தது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையே அல்ல என்பது தீர்ப்பின் சாரம். மூலப்பத்திரத்தைக் கட்டாயமாக்க, அதே மாதம் சட்டமன்றம் சட்டத்தையே திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. மூலப்பத்திரத்தைக் காட்டச் சொல்வது நல்ல தடைதான். ஆனால், அதைக் காட்டுவதாலேயே உரிமை நிரூபணம் ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவில் 1858 முதல் வழங்கும் டாரன்ஸ் முறையில் பதிவேட்டில் பெயர் ஏறினாலே உரிமை உறுதி. நம் நாட்டில் அப்படி இல்லை. அந்த வழியில் ஆந்திரம் கொண்டுவந்த நில உரிமைச் சட்டமும் கடும் எதிர்ப்புக்குப் பின் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. நிலைமை மாறும்வரை சரிபார்க்கும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில்தான்.

வில்லங்கம் சுத்தமாக இருக்கிறதே என்பார்கள். 1975க்குப் பிந்தைய பதிவுகளை இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம் என்பது பெரிய வசதிதான். வில்லங்கச் சான்றைக் கையில் எடுத்தால் ஆவண எண், தேதி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கிரயமா, அடமானமா, பாகப்பிரிவினையா, விடுதலையா என்ற தன்மை, சர்வே எண், விஸ்தீரணம், செக்குபந்தி எல்லாம் வரிசையாக இருக்கும். ஒருவர் வாங்கியதும் அவர் விற்றதும் சங்கிலிபோல் கோத்து வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அங்கே ஒரு மரணமோ பதிவாகாத ஏற்பாடோ இருக்கிறது என்று பொருள். பதிவு செய்யாத உயிலும், வாய்மொழிப் பாகப்பிரிவினையும், வாரிசுகளின் பங்கும் வில்லங்கச் சான்றில் வரவே வராது. இன்னொரு சிக்கல் சர்வே எண். 1979இல் தொடங்கி 1987வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகளும் பெயர்களும் மாறின. அப்போது நேர்ந்த பிழைகளுக்கு இன்றும் மனு கொடுக்கிறார்கள். ஆகவே பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்காவது பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அடமானத்தை மீட்க வழக்குத் தொடரக் காலவரையறைச் சட்டம் முப்பது ஆண்டு தருகிறது.

பட்டா விற்கிறவர் பெயரில்தானே இருக்கிறது என்பது அடுத்த வாதம். பட்டா வருவாய்த் துறை ஆவணம். அனுபவத்துக்கு நல்ல சான்று, ஆனால் உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கின்றன. முந்திரித் தோப்பும் பலாவும் நிறைந்த இந்தப் பகுதியில் நிலம் குடும்பச் சொத்தாகவே கைமாறி வருவதால் இது மிக முக்கியம். தாத்தா பெயரில் இருந்த தோப்பை மகன்கள் இருவர் கூட்டுப் பட்டாவாக மாற்றி, மனை பிரித்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களும் சம வாரிசுகள். பூர்வீகச் சொத்தானால், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்குச் சம பங்கு உண்டு. மற்ற மகள்களுக்கும் 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த உரிமையைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த விற்பனையையும் பதிவான பாகப்பிரிவினையையும் இத்திருத்தம் கலைக்காது. சீர் செய்து அனுப்பியாயிற்று, அத்தைக்கு இனி என்ன பங்கு என்ற பேச்சு பாகப்பிரிவினை வழக்கில் நிற்காது. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திருக்க வேண்டும். மைனர் வாரிசு இருந்தால் அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம்; வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

வங்கியே லீகல் பார்த்துக் கடன் கொடுத்துவிட்டது, பிறகென்ன பயம் என்று கேட்பவர்களும் உண்டு. வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கிக் கடனின் பாதுகாப்பை. சொத்து கைவிட்டுப் போனாலும் கடன் உங்கள் பெயரில் நிற்கும். வக்கீலுக்கு வேறு தண்டச் செலவா என்பது நியாயமான கவலைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முப்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு அரசுக்கு மட்டுமே 2,70,000 ரூபாய் கட்டுகிறோம். உரிமையைச் சரிபார்க்க வக்கீல் கேட்கும் தொகை இதன் முன் சிறியது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, உரிய விசாரணை செய்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குத்தான் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. விசாரிக்காதவருக்கு அதுவும் இல்லை. அதே சட்டப்படி, சொத்தில் ஒருவர் குடியிருந்தால் அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது உங்களுக்குத் தெரியும் என்றே கொள்ளப்படும். நேரில் போய், குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதற்குச் செலவே இல்லை.

தீர்வையை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்து எழுதும் வழக்கம் இந்தச் சுரங்கப் பகுதிக்குக் கூடுதல் கேடு. நிலம் கையகப்படுத்தப்படும்போது வழிகாட்டி மதிப்பும் அக்கம்பக்கத்தில் பதிவான விற்பனைப் பத்திரங்களும்தான் இழப்பீட்டுக்கு அடிப்படை. ரொக்கமாகக் கொடுத்த மீதிப் பணம் எந்தக் கணக்கிலும் வராது. வாங்கும் நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பில் இருக்கிறதா என்பதையும் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுவிட வேண்டும். மனையானால் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம் வழிவிட்டது. பவர் பத்திரத்தை மட்டும் வைத்து வீடு உங்களுடையது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

விற்கிறவருக்கும் இதில் வேலை உண்டு. பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றி, பழைய அடமானத்துக்கு ரசீதுப் பத்திரம் பதிந்து, வாரிசுகளின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்தால் விலையும் குறையாது, பேரமும் முறியாது. விலை ஐம்பது லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவும் நடக்க வேண்டியது பதிவு நாளில் அல்ல, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி ரொக்கம் கொடுக்காதீர்கள். மூலப்பத்திரத்தின் நகலையும் வாரிசுச் சான்றையும் விற்கிறவர் காட்டும்வரை, எவ்வளவு நெருங்கிய உறவினரானாலும், டோக்கன் பணம்கூடத் தர வேண்டாம்.