கைக்கு இதமான மரக் கொக்கி ஊசி

என் தாயார் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குரோஷா பின்னி வருபவர். மேசை விரிப்பு, தலையணை உறையின் ஓரம், பேரக்குழந்தைகளின் குல்லாய் என அவர் கைபடாத பொருள் எங்கள் வீட்டில் குறைவு. பெருங்குடல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து கீமோதெரபி தொடங்கியபோதும், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பையில் ஒரு நூற்கண்டையும் தம் பழைய எஃகுக் கொக்கி ஊசியையும் மறவாமல் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் சுற்று முடிந்து வீடு திரும்பிய பின் அந்தப் பை மூலையிலேயே கிடந்தது. உடல் சோர்வு என்று நான் எண்ணிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து வற்புறுத்திக் கேட்டபோதுதான் காரணத்தைச் சொன்னார். ஊசியைத் தொட்டால் விரல்நுனிகளில் மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்கிறதாம். மருத்துவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பின்னல் வேலையைப் பற்றியெல்லாம் மருத்துவரிடம் போய்ச் சொல்வார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சொல்லத்தான் வேண்டும் என்பதை அடுத்த முறை சென்றபோது அறிந்தோம்.

விரல்கள் சொல்லும் செய்தி

என் தாயாருக்கு அளிக்கப்பட்ட ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்து, கை கால் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. மருந்து ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் கூச்சமும் குத்தலும் உண்டாகலாம். இது பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் சுற்றுகள் கூடக் கூட, குளிர்ச்சி இல்லாதபோதும் மரத்துப்போன உணர்வு நிலைத்துவிடக்கூடும். பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் போன்ற வேறு சில மருந்துகளாலும், நீண்டகால நீரிழிவாலும் இத்தகைய நரம்புப் பாதிப்பு வரலாம்.

ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட முடிகிறதா, பூட்டில் சாவியை நுழைக்க முடிகிறதா, தரையில் விழுந்த நாணயத்தை எடுக்க முடிகிறதா என்று மருத்துவர் என் தாயாரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பின்னலை நிறுத்திவிட்ட செய்தியையும் குறித்துக்கொண்டார். மருந்தின் அளவைக் குறைப்பதா, இடைவெளியைக் கூட்டுவதா என்று முடிவு செய்ய இத்தகைய செய்திகளே மருத்துவருக்கு உதவுகின்றன. நெடுநாள் பழகிய கைவேலையை உங்கள் வீட்டு நோயாளர் திடீரெனக் கைவிட்டால், அதைச் சிறு செய்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அதன்பின் செயல்முறை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பப்பட்டோம். எஃகு ஊசியை விடுத்து மர ஊசியைப் பயன்படுத்திப் பார்க்கும்படி அங்கேதான் கூறினர்.

மரம் ஏன் இதமாக இருக்கிறது?

ஒரே அறையில் கிடக்கும் உலோகமும் மரமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆயினும் உலோகம் கையின் வெப்பத்தை விரைவாக இழுத்துக்கொள்வதால் சில்லென்று படுகிறது. மரம் அவ்வாறு இழுப்பதில்லை. குளிரூட்டப்பட்ட சிகிச்சைக் கூடத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

மரத்தின் மேற்பரப்பு நூலைச் சற்றே பற்றிக்கொள்வது இன்னொரு நன்மை. கண்ணிகள் எளிதில் நழுவுவதில்லை; ஆகவே ஊசியை இறுகப் பிடிக்க வேண்டிய தேவையும் குறைகிறது. எனினும், செயற்கை இழை நூல் மரத்தில் சிக்கி இழுபடக்கூடும். வியர்க்கும் கைகளுக்குப் பருத்தி நூலே பொருத்தம்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் பருமன். பிடியில் மில்லிமீட்டர் அளவு பொறித்திருப்பார்கள். மெல்லிய சரிகைப் பின்னலுக்கு உரிய 1 அல்லது 2 மி.மீ. ஊசிகள் பெரும்பாலும் எஃகில்தான் கிடைக்கும்; மரத்தை அவ்வளவு மெல்லியதாகச் செதுக்கினால் எளிதில் ஒடிந்துவிடக்கூடும். மர ஊசிகள் பெரும்பாலும் 3 மி.மீ. அளவுக்கு மேலேயே தொடங்குகின்றன. உணர்ச்சி குறைந்த விரல்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் 5 மி.மீ. ஊசியும், கண்ணிகள் தெளிவாகத் தெரியும் வெளிர்நிற நடுத்தரத் தடிமன் நூலும் ஏற்றவை.

அடுத்தது பிடி. மெல்லிய பிடியைப் பற்ற விரல்கள் அதிகம் மடங்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது துன்பம். உங்கள் கைக்கு எவ்வளவு தடிமன் ஏற்றது என்று அறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாதாரணப் பென்சில் ஏறத்தாழ 7 மி.மீ. தடிமன் உடையது. அதன்மேல் துணிப்பட்டையைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தளர்வாக அமரும் தடிமன் எதுவோ, கடையில் அதையே தேடுங்கள். கிடைக்காவிட்டால் மெல்லிய பிடியின்மேல் அதே துணிப்பட்டையைச் சுற்றித் தைத்துக்கொள்ளலாம்.

சிலர் ஊசியைப் பேனாவைப் போல் பிடிப்பர். சிலர் காய் நறுக்கும் கத்தியைப் போல் உள்ளங்கைக்குள் அடக்கிப் பிடிப்பர். இரண்டும் சரியே. கத்திபோல் பிடிப்பவர்கள் பிடியின் நீளத்தைப் பார்க்க வேண்டும். அதன் அடிமுனை உள்ளங்கையின் நடுவில் குத்தாமல் கையைக் கடந்து வெளியே நீள வேண்டும். பெருவிரல் பதிய ஒரு தட்டையான இடம் சில ஊசிகளில் உண்டு. உங்கள் பெருவிரல் இயல்பாக அங்கே அமர்ந்தால் நன்று. அமராவிட்டால் உருண்டையான எளிய பிடியே மேல்.

பிறகு ஊசியின் முனை. கூரிய முனை இறுக்கமான கண்ணிகளில் எளிதாக நுழையும். ஆனால் பலர் தம்மை அறியாமலே மறுகையின் சுட்டுவிரலால் முனையைத் தள்ளுவர். மரத்துப்போன விரலில் புண்பட்டாலும் தெரியாது. ஆகவே மழுங்கிய, உருண்ட முனையே பாதுகாப்பானது.

கடைசியாக மெருகு. சிறிது பஞ்சை எடுத்து முனையிலிருந்து பிடிவரை தேய்த்துப் பாருங்கள். எங்கே இழை சிக்குகிறதோ அங்கே சிலும்பு இருக்கிறது. குறிப்பாகக் கொக்கியின் உட்குழிவையும், மூங்கில் ஊசியாயின் அதன் நார்களையும் சோதியுங்கள். சிறு சொரசொரப்பை மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, தேன்மெழுகு பூசித் துடைத்தால் சரியாகிவிடும். விரிசல் கண்ட ஊசியை வாங்க வேண்டா.

பல அளவுகள் அடங்கிய பெட்டியை எடுத்தவுடன் வாங்காமல், முதலில் ஒரே ஓர் ஊசி வாங்கி ஒரு வாரம் பின்னிப் பாருங்கள். நாங்கள் அழகைப் பார்த்து வாங்கிய முதல் ஊசி, பிடி மெல்லியதாக இருந்ததால் இன்றும் பெட்டியில்தான் உறங்குகிறது.

மருத்துவமனையில் பின்னுவோருக்கு

• கையில் சிரைவழி மருந்து ஏறும்போது அந்தக் கையை மடக்கிப் பின்ன வேண்டா. டயாலிசிஸ் நடக்கும் வேளையில் ஊசி பொருத்திய கை அசையக் கூடாது. பின்னலுக்கு இரு கைகளும் வேண்டுமாதலால் அதை வேறு நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

• பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தி விரல்களையும் தோள்களையும் தளர்த்துங்கள். வலியோ கூச்சமோ கூடினால் அன்றைக்கு அதோடு போதும்.

• மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் கை வீக்கம் உள்ளவர்கள், எவ்வளவு நேரம் பின்னலாம் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிக.

• மர ஊசியைப் பிறருடன் பகிர வேண்டா. மரம் ஈரத்தை உறிஞ்சும். ஊறவைக்கவோ கொதிநீரில் இடவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் நூலும் ஊசியும் வைத்துக்கொள்ளலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

• வேலை முடிந்ததும் வெளிச்சத்தில் விரல்நுனிகளைப் பாருங்கள். சிவப்போ கீறலோ இருந்தால் தெரிவியுங்கள்.

இன்று

மர ஊசி நரம்பைக் குணப்படுத்தாது. சிகிச்சை முடிந்து பல மாதங்களாகியும் என் தாயாரின் விரல்நுனிகளில் மரப்பு முழுமையாக நீங்கவில்லை. மெல்லிய சரிகைப் பின்னலை அவர் விட்டுவிட்டார்; விட்டதில் அவருக்கு வருத்தம் உண்டு. எஃகு ஊசிகளை ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது தடித்த பருத்தி நூலில், 5 மி.மீ. மர ஊசியால், நாளுக்கு நான்கு வரிசை பின்னுகிறார். பேத்திக்கு ஒரு போர்வை உருவாகி வருகிறது. மருத்துவரைக் காணச் செல்லும் நாட்களில் அதையும் பையில் எடுத்துச் செல்கிறார். விரல்கள் எப்படி இருக்கின்றன என்று மருத்துவர் கேட்டால், போர்வையை விரித்துக் காட்டி, சென்ற முறைக்குப் பின் எத்தனை வரிசை ஏறியிருக்கிறது என்று எண்ணிச் சொல்கிறார்.