விண்மீன் அட்டவணையின் தலைப்பு

சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய டெய்லர் என்பார், 11,015 விண்மீன்களின் இடங்களைக் கணித்து 1844இல் அட்டவணையாக வெளியிட்டார். ஓமந்தையின் வயல்வெளியில் தொலைநோக்கியை நாட்டிய மாணவன் ஒருவன், அந்த எண்களை அப்படியே கொண்டு ஒரு மீனைத் தேடினால் அங்கே அதனைக் காணான். எண்களிற் பிழையில்லை, அவை 1835ஆம் ஆண்டுக்கு உரியவை. புவியின் அச்சு, ஓயப்போகும் பம்பரம்போலத் தலைசுற்றுவதால், வானத்தின் அளவுக்கோடுகள் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கின்றன. 2000ஆம் ஆண்டளவில் வேறுபாடு இரண்டு பாகையைக் கடந்துவிட்டது. முழுமதியின் அகலமோ அரைப் பாகையே!

ஆதலால் எந்த ஆண்டு, மணிக்கணக்கா பாகைக்கணக்கா என்பன ஒவ்வொரு நிரலின் தலையிலும் எழுதப்படல் வேண்டும். ஒரு மணி 15 பாகைக்குச் சமம். மனிதர் முன்னுரையைப் படித்துத் தெளிவர். அட்டவணைகளைத் துழாவும் கணினிக்கோ தலைப்பே வழிகாட்டி. நூலுக்கு நூல் தலைப்பு மாறினால் அது தடுமாறும். எனவே, 2002இல் தோன்றிய பன்னாட்டு மெய்நிகர் வானாய்வகக் கூட்டணி, ஒவ்வொரு வகை அளவுக்கும் பொதுவான குறிச்சொற்களை ஏற்றது.

அளக்கப்படாத ஒளியைக் குறிக்கப் பூச்சியம் இடுதலும் ஆகாது. ஒளித்தரத்தில் எண் குறையக் குறையப் பிரகாசம் மிகும். பூச்சியம் என்பது ஏறத்தாழ அபிசித்து மீனின் பேரொளி அன்றோ!