கீரிப்பிள்ளையின் நெடும்பயணம்

கதை என்றவுடன் அது குழந்தைகளை உறங்க வைப்பதற்கான உபாயம் என்றே நம்மில் பலர் கருதுகிறோம். வேலை மிகுந்த நாளில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. ஆயினும் ஒரு சிறு கதை எவ்வளவு தொலைவு செல்லவல்லது, என்ன பணி செய்யவல்லது என்பதை எண்ணிப் பார்த்தால் அதனை எளிதில் கைவிட மனம் வராது. இதற்குச் சான்றாக, இளமையில் நம்மில் பலரும் கேட்ட கீரிப்பிள்ளையின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

ஓர் அந்தணர் இல்லத்தில் குழந்தையோடு ஒரு கீரிப்பிள்ளையும் வளர்ந்து வந்தது. ஒருநாள் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுத் தாய் நீர் கொணரச் சென்றாள். அவ்வேளையில் தொட்டிலை நெருங்கிய பாம்பைக் கீரி கடித்துக் கொன்றது. குருதி தோய்ந்த வாயுடன் வாயிலுக்கு ஓடி வந்து தாயை எதிர்கொண்டது. குழந்தையைக் கொன்றுவிட்டது என்று எண்ணிய அவள், இடுப்பிலிருந்த குடத்தை அதன்மேல் எறிந்து கொன்றாள். உள்ளே குழந்தை நலமாக உறங்கிக்கொண்டிருந்தது. அருகே பாம்பு இறந்து கிடந்தது.

பஞ்சதந்திரத்தின் ஐந்து பகுதிகளுள் இறுதிப் பகுதி, ஆராயாமல் செய்யும் செயலைப் பற்றியது. அதில் இடம்பெற்றது இக்கதை. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷிர்வான் காலத்தில் அந்நூல் பாரசீகத்தின் பழைய மொழியாகிய பகலவியில் பெயர்க்கப்பட்டது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகப்பா என்பவர் அதனை ‘கலீலா வ திம்னா’ என்னும் பெயரில் அரபு மொழியில் தந்தார். பின்னர் அது எபிரேயம், இலத்தீன் ஆகியவற்றின் வாயிலாக ஐரோப்பிய நாடுகள் பலவற்றையும் அடைந்தது. தமிழில் 1826ஆம் ஆண்டில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தை உரைநடையில் பெயர்த்தளித்தார்.

சென்ற இடமெல்லாம் கதை அவ்வவ்விடத்து உடையை உடுத்துக்கொண்டது. கீரியை அறியாத ஐரோப்பாவில் அது நாயாயிற்று. பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அருகே, இவ்வாறு மாண்டதாகக் கூறப்பட்ட வேட்டைநாய் ஒன்றின் கல்லறைக்குத் தாய்மார்கள் நோயுற்ற குழந்தைகளைக் கொண்டு சென்றதை 13ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதிவைத்துள்ளார். வேல்சு நாட்டிலோ பாம்பு ஓநாயாக மாறியது. அங்கே பெத்கெலர்ட் என்னும் சிற்றூரில், லுவெலின் என்னும் இளவரசர் அறியாமல் கொன்ற கெலர்ட் என்னும் நாயின் சமாதி என்று ஓர் இடத்தை இன்றும் காட்டுகின்றனர். விலங்குகள் மாறின, மொழிகள் மாறின, ஆராயாத கையின் பிழையும், அதன்பின் வரும் ஆற்றொணாத் துயரும் மாறவில்லை.

தமிழ்நாட்டுக்கு இக்கதை புதிதன்று. முதலியாருக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இது குறிக்கப்பெறுகிறது. கீரியைக் கொன்ற பெண்ணை விட்டுக் கணவன் நீங்குகிறான். ஆதரவின்றி அலையும் அவளுக்காகக் கோவலன் தானம் செய்து பாவம் போக்குகிறான். கணவனையும் மீண்டும் சேர்த்து வைக்கிறான். பிழை செய்தவளுக்கும் ஒரு வழி உண்டு என்னும் கருணையை இளங்கோவடிகள் இங்கே காட்டுகிறார். இச்செய்தியை மாடலன் என்னும் மறையோன் மதுரையின் புறஞ்சேரியில் எடுத்துரைக்கிறான். அதன்பின் அந்நகருக்குள் சிலம்பு விற்கச் சென்ற கோவலனையே, ஆராயாத மன்னனின் ஆணை கொன்றுவிடுகிறது. கீரிக்கு நேர்ந்ததே அவனுக்கும் நேர்ந்தது.

அன்றாட வாழ்விலும் கதையின் பயன் இதுவே. கோபத்தில் இருப்பவரிடம் ‘நீ அவசரப்படுகிறாய்’ என்றால் கோபமே வளரும். ‘கீரிப்பிள்ளைக் கதை நினைவிருக்கிறதா?’ என்றால் அவர் ஒரு கணமேனும் நிற்பார். குற்றம் சாட்டாமல் அறிவுரை கூறும் ஆற்றல் கதைக்கு உண்டு.

தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நமக்கு மற்றொரு பயனும் உளது. நம் குழந்தைகள் பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் மற்றொரு மொழியும் பேசுகின்றனர். வீட்டுத் தமிழோ நாளடைவில் ‘வா’, ‘உண்’, ‘படி’ என்னும் ஏவல்களாகக் குறுகிவிடுகிறது. ஏவலை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை ஏவலுக்குக் கீழ்ப்படியக் கற்குமேயன்றி, அம்மொழியில் வருந்தவோ வியக்கவோ கற்பதில்லை. கதையோ தொட்டிலையும் குடத்தையும் கீரியையும் அவற்றின் பெயர்களோடு வீட்டுக்குள் கொண்டு வருகிறது. அண்டை வீட்டாரைக் கேட்டால் அவர்கள் மொழியிலும் இக்கதை இருக்கக்கூடும். அதனையும் பிள்ளைகள் கேட்கட்டும்.

இன்றிரவு இக்கதையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கதை முடிந்ததும் குழந்தை ஒரு கணம் வாளாவிருந்து, ‘அந்த அம்மா உள்ளே போய்ப் பார்த்திருந்தால்?’ என்று கேட்கும். அக்கேள்வியைத் தமிழில் கேட்கத் தெரிந்த குழந்தை, மொழியையும் அறத்தையும் ஒருங்கே பெற்றுவிட்டது.