கம்ப்யூட்டர் ஏன் சிப்பாயைத் தூக்கிக் கொடுத்தது?

செஸ் பலகை இருந்தா இதை அடுக்கிப் பாருங்க. வெள்ளை: ராஜா சி1, குதிரை எஃப்3, சிப்பாய்கள் பி3, சி2, டி3. கறுப்பு: ராஜா டி6, பிஷப் ஏ2, சிப்பாய் இ5. இப்போது கறுப்பு ஆட வேண்டும்.

பிஷப் வசமாக மாட்டிக்கொண்டது. வெள்ளை ராஜா பி2-க்கு வந்து, அடுத்ததில் வெட்டிவிடும். பி3 சிப்பாயை வெட்டிவிட்டுச் சாவதுதான் மிச்சம். பிஷப்புக்கு 3, சிப்பாய்க்கு 1 என்றால் நஷ்டம் 2. நாமாக இருந்தால் அதைத்தான் செய்வோம்.

நாலு நகர்த்தல் மட்டும் முன்னால் பார்க்கும் புரோகிராம் என்ன செய்யும் தெரியுமா? சிப்பாயை இ4-க்குத் தள்ளும்! குதிரைக்கு ஆபத்து, அதனால் வெள்ளை டி3 சிப்பாயால் அதை வெட்டும். பிறகு கறுப்பு ராஜா எங்காவது ஒரு கட்டம் நகரும், வெள்ளை ராஜா பி2. நாலு முடிந்தது. பிஷப் இன்னும் பலகையில் இருக்கு, அதனால் "நஷ்டம் 1 மட்டும்" என்று கணக்கை மூடிவிடும். நிஜத்தில் சிப்பாயும் போச்சு, பிஷப்பும் போச்சு. கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருட்டுன்னு நினைச்ச பூனை கதைதான். 1973-ல் ஹான்ஸ் பெர்லினர் இதைத் தொடுவான விளைவு என்று விளக்கி எழுதினார். பார்வை முடியும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆபத்தைத் தள்ளிவிடுவது!

மருந்து என்ன? வெள்ளைக்கு அந்த இடத்தில் உருப்படியான பதில் ஒன்றே ஒன்றுதான் (இ4-ஐ வெட்டுவது). அப்படி இருந்தால் அந்தப் பாதையில் மட்டும் ஒரு நகர்த்தல் கூடுதலாகப் பார். இதுதான் நீட்டிப்பு. இப்போது ஐந்தாவதும் தெரியும். அதற்குப் பிறகு வழக்கம்போல வெட்டுகளை மட்டும் சரிபார்க்கும்போது, ராஜா பிஷப்பை வெட்டுவது கண்ணில் படும். இ4 பாதையில் குறைந்தது 3 நஷ்டம் என்று புரிந்துவிடும். இனி சிப்பாயைத் தள்ளாது.

"அப்போ எல்லாப் பாதையையும் நீட்டிடலாமே!" அங்கதான் வினை. ஒரு நிலையில் சராசரியாகச் சுமார் 35 நகர்த்தல்கள் உண்டு. எதையும் கழிக்காமல் பார்த்தால் நாலு ஆழத்துக்கு 15 லட்சம் நிலைகள். ஆறுக்கு 183 கோடி! வேண்டாத கிளைகளை வெட்டும் தந்திரம் இருந்தாலும் சுமை சுமைதான். செக் வைத்தால் நீட்டு என்பது பழைய விதி. ஆனால் ராணி மாறி மாறி செக் கொடுத்துக்கொண்டே இருந்தால்? ஆழம் குறையவே குறையாது. கடிகாரம் ஓடிவிடும், நல்ல நிலையில் இருந்தும் நேரம் போய்த் தோற்க வேண்டியதுதான்.

அதனால் கடிவாளம் போடுகிறார்கள். திரும்ப வந்த நிலையை டிரா என்று எண்ணி நிறுத்துவது ஒன்று. முழு நகர்த்தலுக்குப் பதில் அரை, கால் என்று நீட்டிப்பைச் சேர்த்து வைத்து, ஒன்று ஆனதும் கொடுப்பது இன்னொன்று (சில்லறை சேர்த்து நோட்டு வாங்குற மாதிரி!). குறித்த ஆழத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் நீட்டிப்பே இல்லை என்றும் வைக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தனி நகர்த்தல் நீட்டிப்பு. 1980-களின் கடைசியில் ஆனந்தராமன், கேம்ப்பெல், ஷூ ஆகிய மூவர் 'டீப் தாட்' இயந்திரத்துக்காக உருவாக்கியது. ஒரு நகர்த்தலை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவற்றைக் குறைந்த ஆழத்தில் தேடிப் பார்ப்பார்கள். எதுவுமே கிட்டே வரவில்லை என்றால் ஒதுக்கியது 'தனி'. அதை மட்டும் நீட்டு. 1997-ல் காஸ்பரோவை 3½–2½ என வென்ற டீப் புளூவிலும் இது இருந்தது. விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்த இயந்திரத்துக்கே எதை நீட்டுவது என்ற கவலை!

ஒரு விஷயம் கவனிங்க: நீட்டிப்பைக் கூட்டினால் புதிர்களைச் சட்டென்று தீர்க்கும், ஆனால் முழு ஆட்டத்தில் தோற்கவும் கூடும். மற்ற கிளைகளில் ஆழம் குறைந்துபோகுமே! அதனால்தான் ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் ஆட்டத்தைப் பாதிக்கும் மாற்றம் எதையும், பழையதையும் புதியதையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் மோதவிட்டுப் பார்த்த பிறகே சேர்க்கிறார்கள்.