யார் கொடுத்த பணம்?

பம்பாயின் வடாலாவிலோ அதை அடுத்த ஆன்டாப் ஹில்லிலோ தமிழர் நடத்தும் சிறு மன்றம் ஒன்று இருக்கிறதென்றும், அங்கே பிறந்து வளர்ந்து சிங்கப்பூருக்குப் போய் அந்நாட்டுப் பிரஜையாகவே ஆகிவிட்ட ஒருவர், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக அந்த மன்றத்துக்கு 5,000 ரூபாய் அனுப்ப விரும்புகிறாரென்றும் வைத்துக்கொள்வோம். அவருக்கு மனம் இருந்தால் மட்டும் போதாது. மன்றம் உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளையில் இதற்கென்றே திறந்த கணக்கில்தான் முதலில் வந்து விழவேண்டும். அப்புறம் வருஷந்தோறும் கணக்குச் சமர்ப்பிக்க வேண்டும். அவரே இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருந்து, தம் சேமிப்பிலிருந்து பாங்கு வழியாக அனுப்பியிருந்தால், அது அந்நிய நன்கொடையே ஆகாது.

இத்தனை கண்டிப்புக்கும் காரணம் இல்லாமலில்லை. 1967 பொதுத் தேர்தலில் வெளிநாட்டுப் பணம் புகுந்ததென்ற புகார் எழுந்தபோது, உள்துறை அமைச்சராயிருந்த ஒய். பி. சவாண் உளவுத்துறையைக் கொண்டு விசாரிக்கச் செய்தார். அறிக்கையை அரசாங்கம் வெளியிடவில்லை. டெல்லியில் அமெரிக்கத் தூதராயிருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹான், கேரளத்திலும் வங்காளத்திலும் கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்கத் தம் நாட்டு உளவு ஸ்தாபனம் காங்கிரஸுக்குப் பணம் கொடுத்ததுண்டு என்று 1978இல் எழுதினார். இந்திரா காந்தி அதை மறுத்தார். இவ்விரண்டுக்கும் இடையே, 1976இல், நெருக்கடி நிலை அமலில் இருந்த காலத்தில் பிறந்ததுதான் அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். கட்சி, வேட்பாளர், சட்டசபை உறுப்பினர், அரசாங்க உத்தியோகஸ்தர், பத்திரிகை ஆசிரியர் ஆகியோர் அந்நியரிடம் காசு வாங்கலாகாது என்பது அதன் சாரம். 2010இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்தச் சாரம் மாறவில்லை.

ஆனால் மன்றங்களின் வாசலில் காவல் நின்ற இச்சட்டம், கட்சிகளின் வாசலிலும் அதே விறைப்போடு நின்றதா?

லண்டனில் பதிவான வேதாந்தாவின் துணைக் கம்பெனிகளான ஸ்டெர்லைட்டும் (தூத்துக்குடித் தாமிர ஆலையால் தமிழர் நன்கறிந்த பெயர்) சேசா கோவாவும் காங்கிரஸுக்கும் பாரதிய ஜனதாவுக்கும் கொடுத்த நன்கொடைகள் சட்ட விரோதமானவை என்று, 2014 மார்ச் 28ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பங்குகளில் பாதிக்கு மேல் அந்நியர் கையில் இருந்தால், இந்தியாவில் பதிவான கம்பெனியாயினும் அது அந்நிய மூலமே என்பது சட்டம். இரு கட்சிகள்மீதும் ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கும்படி நீதிமன்றம் சொல்லிற்று. நடந்ததோ வேறு. மற்ற விஷயங்களிலெல்லாம் கீரியும் பாம்புமாய் நிற்கும் இரு கட்சிகளும் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து காத்திருக்கையில், 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலையில் ஒரு ஷரத்து நுழைந்து, அந்நிய முதலீட்டு வரம்புக்கு உட்பட்ட கம்பெனி அந்நிய மூலமே அன்று என்று, 2010 முதற்கொண்டே செல்லுபடியாகும்படி அர்த்தத்தை மாற்றிவிட்டது. நன்கொடைகள் அதற்கும் முந்தியவையாதலால் அந்த முன்தேதியும் போதாமற்போக, 2018இல் மற்றொரு நிதிச் சட்டம் அதை 1976 ஆகஸ்ட் 5க்கே இழுத்துக்கொண்டு போயிற்று. அவ்வாண்டு நிதி மசோதா லோக்சபையில் விவாதமே இன்றி நிறைவேறியது. குற்றம் நடந்த பிறகு, அது குற்றமே அன்று என்று, குற்றம் சாட்டப்பட்டவர்களே நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்தேதியிட்டு எழுதிக்கொள்ளும் சௌகரியம் நம் மன்றத்துக் காரியதரிசிக்கு வாய்க்குமா?

வடாலாவில் ஹார்பர் லைன் வண்டி ஏறி எளிதில் போய்ச் சேரக்கூடிய கோட்டைப் பகுதியில், பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1957இலேயே இந்த அபாயத்தைக் கண்டு சொன்னவர் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா. கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்காக டாடா இரும்பு எஃகுக் கம்பெனி தன் ஸ்தாபன விதியைத் திருத்த அனுமதி கேட்டது. சட்டம் இடங்கொடுத்தபடியால் அனுமதித்த சாக்ளா, இவ்வழக்கம் வளர்ந்தால் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடும் என்று எச்சரித்தார். 1960இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, கொடுத்த தொகையைக் கணக்கில் பகிரங்கமாகக் காட்டும் கடமை ஏற்பட்டது. 2017இல் எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று சொல்ல வேண்டாம் என்றாயிற்று; லாபத்தில் ஏழரை சதவீதம் என்ற உச்சவரம்பும் போயிற்று; கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாத தேர்தல் பத்திரமும் வந்தது. பெயரளவில் மட்டுமே இயங்கும் கம்பெனியும், அந்நியருக்குச் சொந்தமான கம்பெனியும், எவருக்கும் தெரியாமல் ஆளுங்கட்சிக்குப் பணம் கொடுக்க இப்படி வழி திறந்தது. நம் நாட்டுக் கொள்கைகளே அந்நியக் கம்பெனிகளின் செல்வாக்குக்கு ஆட்படக்கூடும் என்று தேர்தல் கமிஷனே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

2024 பிப்ரவரி 15ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் ஒருமுகமாக அத்திட்டத்தை ரத்து செய்வதற்குள், 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றுத் தீர்ந்திருந்தன. விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் வேண்டுமென்றது ஸ்டேட் பாங்கு. நீதிமன்றம் மறுக்கவே, சில தினங்களில் அத்தனையும் வந்து சேர்ந்தது!

பிற நாடுகள் சில தடையோடு நில்லாமல் பதிவையும் நம்புகின்றன. நாஜிப் பிரசாரத்துக்கு அஞ்சி அமெரிக்கா 1938இல் இயற்றிய சட்டம், அந்நிய அரசுக்காகப் பேசுகிறவன் அதைச் சொல்லிவிட்டுப் பேசட்டும் என்கிறது. ஆஸ்திரேலியா 2018இலும் பிரிட்டன் 2025இலும் இவ்வழியில் வந்தன. இதே ஆயுதம் ரஷ்யாவில் 2012 முதல் மாற்றுக் கருத்துடையோரின் நெற்றியில் அந்நிய ஏஜெண்டு என்று பச்சை குத்தப் பயன்படுவதையும் மறக்கலாகாது. நம் உச்ச நீதிமன்றமும் 2020 மார்ச்சில், உரிமைக்காகக் கடையடைப்பு நடத்தியதாலேயே ஒரு ஸ்தாபனம் அந்நியப் பணம் மறுக்கப்படும் அரசியல் ஸ்தாபனம் ஆகிவிடாது என்று வரம்பு கட்டியது. ஆனால் 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம், தொண்டு ஸ்தாபனங்களின் வருஷாந்தரக் கணக்குகளைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. கணக்குக் கொடுக்கும் கடமை இருக்கிறது. அதைப் பார்க்கும் வழிதான் ஜனங்களுக்கு இல்லை.

தேர்தல் பத்திரம் ஒழிந்தது. 1976 முதலே செல்லுபடியாகும்படி முன்தேதியிட்ட திருத்தம் அதை ஒழித்த தீர்ப்பில் அடங்கவில்லை, அது இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் ஜாபிதாவைக் கட்சிகள் வருஷந்தோறும் தேர்தல் கமிஷனிடம் கொடுக்கின்றன. கமிஷனின் இணையதளத்தில் எவரும் அதைப் படிக்கலாம். வாசகர்களே, அடுத்த தேர்தலில் வடாலாவின் சந்துகளில் கைகூப்பி வருகிறவர் எக்கட்சிக்காரராயினும், அந்த ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் திருத்தத்தைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் என்னவென்று கேளுங்கள்.