சமதளம் எங்கிருந்து வருகிறது?

பட்டறைத் தரையில் கிடந்த பலகையின் ஒரு மூலையை ஆசாரி பெருவிரலால் அழுத்தினார். எதிர்மூலை எழும்பியது. விரலை எடுத்தார், 'டக்'கென்று இறங்கியது. எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அங்குலக் கனம். சாலையோரத்தில் நிழல் கொடுத்துக்கொண்டிருந்த தூங்குமூஞ்சி மரம், அறுவை மில்லில் பலகையாகி மூன்று வருடம் காய்ந்திருந்தது. அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது மரவேலைக்காரர்களின் பழைய கணக்கு. மில்லிலிருந்து வந்த நாளில் அது ஆடவில்லை. காயக் காயத்தான் முறுக்கிக்கொண்டது.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: மரச்செல்களின் உட்குழிவிலும், செல் சுவர்களுக்குள்ளும். குழிவில் இருப்பது முதலில் வெளியேறும். அதனால் மரம் எடை குறையுமே தவிர, சுருங்காது. ஈரம், மரத்தின் காய்ந்த எடையில் 30 சதவீதம் அளவுக்கு இறங்கிய பிறகு சுவர்கள் தண்ணீரை இழக்கத் தொடங்கும். வினை அங்கேதான் ஆரம்பம். நீளவாக்கில் மரம் சுருங்குவது ஏறக்குறைய இல்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவதோ, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல இரண்டு மடங்கு. முழுக்கக் காய்ந்தால் தேக்கு ஒரு திசையில் சுமார் 5.5 சதவீதமும், மற்றதில் 2.5 சதவீதமும் சுருங்கும். ஒரே பலகையின் இரண்டு முகங்களும் இப்படி வேறுவேறு அளவில் சுருங்குவதால், பட்டைப் பக்கத்து முகம் குழிகிறது. மரம் வளர்ந்தபோதே நார் திருகி ஓடியிருந்தால் குழிவோடு முறுக்கும் சேரும். தூங்குமூஞ்சி இந்த வகையில் சாது, 3.4 சதவீதமும் 2 சதவீதமும்தான். இருந்தும் மூன்றடி அகலத்தில் அந்தச் சிறிய கணக்கே 12 மில்லிமீட்டர் மேடுபள்ளமாக வந்து நின்றது.

இழைக்கும் மெஷினில் கொடுத்தால் என்ன? சிறு பட்டறைகளில் இருக்கும் மெஷினுக்குள் மூன்றடிப் பலகை நுழையாது. நுழைந்தாலும் பயனில்லை என்றார் ஆசாரி. "மெஷின் உருளை பலகையை அமுக்கிப் பிடிச்சுதான் இழைக்கும், தம்பி. அமுக்கினா நேரா நிக்கும், வெளியே வந்ததும் பழையபடி வளைஞ்சுக்கும்." கனம் ஒரே சீராக இருக்கும்; வளைவும் அப்படியே இருக்கும்.

கையால் செய்வதற்கு அழகான ஒரு வழி உண்டு. பலகையின் இரு முனைகளிலும் நேரான இரண்டு சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். முன்சட்டத்தின் விளிம்பும் பின்சட்டத்தின் விளிம்பும் இணையாகத் தெரியாவிட்டால் முறுக்கு இருக்கிறது. உயர்ந்த மூலைகளை இழைப்புளியால் குறுக்காகத் தள்ளி இறக்க வேண்டும். பார்ப்பதும் இழைப்பதுமாகவே பொழுது போகும். இவ்வளவு பெரிய பலகை என்றால் தோள்பட்டை கழன்றுவிடும்.

அந்தப் பட்டறையில் இப்போது சி.என்.சி. ரௌட்டர் இருக்கிறது. மேசையின் இருபுறமும் தண்டவாளம், அதன்மேல் நகரும் பாலம், பாலத்தில் சுழலும் மோட்டார், அதன் நுனியில் வெட்டும் பிட். கணினி அனுப்பும் கட்டளை ஒவ்வொன்றும் ஒரு வரிதான். 'ஜி1 எக்ஸ்2400 எஃப்6000' என்றால், எக்ஸ் அச்சில் 2400 என்ற இடத்துக்கு நிமிடத்துக்கு 6000 மில்லிமீட்டர் வேகத்தில் வெட்டிக்கொண்டே போ என்று பொருள். இதன் மூதாதை 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில், துளையிட்ட காகித நாடாவைப் படித்து ஓடிய மில்லிங் மெஷின்.

இந்த மெஷின் பலகையைப் பார்ப்பதே இல்லை. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அதற்குத் தெரியாது. தன் தண்டவாளம் போகும் தளத்தில் போகிறது. குறுக்கே நிற்கும் மரத்தைச் சீவித் தள்ளுகிறது. தண்டவாளத்தின் நேர்மைதான் பலகைக்கு வருகிறது. அதனால்தான் மேசைமேல் பதித்திருக்கும் எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகையையே முதலில் அதே பிட்டால் ஒருமுறை சீவிவிடுகிறார்கள்.

அப்படியானால் தண்டவாளத்துக்கு நேர்மை எங்கிருந்து வந்தது? மூலத்தில், தட்டையான ஓர் இரும்புத் தகட்டிலிருந்து. அந்தத் தகடு தட்டையானது எப்படி? ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சீர்செய்த இரண்டு இரும்புத் தகடுகள், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடலாம். இரண்டுமே தட்டையாக இருக்காது. மூன்றாவது தகடு ஒன்றைச் சேர்த்து, மாற்றி மாற்றி ஒப்பிட்டால் அந்த ஏமாற்று நடக்காது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த ஒரே வழி, மூன்றும் தட்டையாக இருப்பதுதான். நிறம் பூசி ஒத்தி, பட்ட மேடுகளைச் சுரண்டும் இந்த முறையை ஜோசப் விட்வொர்த் 1840இல் பிரிட்டிஷ் பொறியாளர்களிடையே பரப்பினார். எந்த அளவுகோலும் இல்லாமல் சமதளத்தைப் பிறப்பித்த அந்த யோசனை இன்றும் என்னைப் பிரமிக்க வைக்கிறது.

பலகைக்கு வருவோம். மெஷினை ஓட்டும் இளைஞர், ஓட்டுவதைவிட அதிக நேரம் ஆப்பு வைப்பதில் செலவிட்டார். ஆடும் மூலைகளின் அடியில் மெல்லிய ஆப்புகளைச் செருகி, சூட்டுப் பசையால் ஒட்டினார். நடுவில் தொங்கும் இடத்திலும் ஒன்று. மேலிருந்து இறுக்கவில்லை; இறுக்கினால் உருளை செய்யும் தவற்றையே இதுவும் செய்யும். பக்கவாட்டில் கட்டைகளை அணைத்து, நகராமல் மட்டும் பிடித்தார். ஆசாரி வந்து நான்கு மூலையையும் அழுத்திப் பார்த்தார். 'டக்' இல்லை.

பிட்டின் விட்டம் 50 மில்லிமீட்டர், கார்பைடு அலகுகள் மூன்று. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் அலகின் நுனி மணிக்கு 113 கிலோமீட்டர் வேகத்தில் மரத்தைத் தொடுகிறது. பலகைமேல் நிமிடத்துக்கு 6 மீட்டர் நகரும்போது ஒவ்வொரு அலகும் 0.17 மில்லிமீட்டர் எடுத்துச் செல்லும். பயந்துபோய் மிக மெதுவாக நகர்த்தினால் அலகு வெட்டாது, தேய்க்கும். மரம் கருகும், அலகும் மழுங்கும். சூடு சீவலோடு வெளியேற வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் 25 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால், ஒரு அடுக்குக்கு 36 ஓட்டம். ஏறக்குறைய 86 மீட்டர். கால் மணி நேரம். ஒவ்வொரு அடுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம். எட்டு அடுக்கில் 12 மில்லிமீட்டர் மேடும் போனது. மோட்டார் அச்சு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்திருந்தாலும், ஓட்டங்களின் எல்லையில் விரலுக்குத் தட்டுப்படும் படி விழும். அதையும் முன்பே சரிபார்த்திருந்தார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அந்தப் புற்றுநோய் மூக்கையும் அதைச் சுற்றிய எலும்பறைகளையும் தாக்குவது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. உறிஞ்சுகுழாயும் நல்ல முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையில் யாரும் நிற்கக் கூடாது.

மேல்முகம் முடிந்ததும் பலகையைப் புரட்டினார்கள். இப்போது ஆப்பு தேவையில்லை. தட்டையான முகம் மேசையில் ஒட்டி உட்கார்ந்தது. அடிமுகத்தை முழுசாக முடிக்காமல் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் வைத்தார்கள். உள்ளே காயாமல் இருந்த பகுதி இப்போது காற்றைத் தொடுகிறது, உள்ளிறுக்கமும் தளர்கிறது. பலகையைச் சுவரோரம் நிறுத்தி, இருபுறமும் காற்றுப் பட விட்டார்கள். பத்து நாள் கழித்து நேர்ச்சட்டம் வைத்தபோது நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தது. மறுபடியும் மெஷினில் ஏற்றி, மிச்சத்தைச் சீவினார்கள்.

பலகையைத் தாங்கும் சட்டத்தில் அதைப் பொருத்தும் நாளில் ஆசாரி திருகுகளுக்கு வட்டத் துளை போடவில்லை. அகலவாக்கில் நீண்ட துளைகளாகப் போட்டார். கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால், இந்தப் பலகையின் அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் கூடிக் குறையும். தேக்காக இருந்தால் ஏழு வரை போகும். திருகை முழுக்க இறுக்கி, கால் சுற்று தளர்த்திவிட்டு எழுந்தார்.